கெஜட்டுக்கும் ஜெட்டிக்கும் நடுவே

நம் பாராளுமன்றம் இயற்றுகிற சட்டங்களில் பெரும்பாலானவற்றின் முதற் பிரிவிலேயே, மத்திய சர்க்கார் கெஜட்டில் அறிவிக்கும் தேதியிலிருந்து இது அமுலுக்கு வரும் என்று ஒரு வாக்கியம் இருக்கும். வெவ்வேறு பிரிவுகளுக்கு வெவ்வேறு தேதிகளைக் குறிக்கலாம் என்று அதற்கு ஒரு வாலும் இருக்கும். சட்டம் படிக்கிற மாணவர்கள் அதைச் சம்பிரதாய வார்த்தை என்று எண்ணித் தாண்டிப் போவார்கள். பத்திரிகைகளோ மசோதா நிறைவேறிய அன்று கொட்டை எழுத்தில் செய்தி போட்டுவிட்டு மறுநாள் வேறு விஷயத்துக்குப் போய்விடும். ஆனால் துறைமுகத்தில் பிறருடைய சரக்கை விடுவித்துக் கொடுப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்டு தலை நரைத்துப்போன என்னைப் போன்றவர்களுக்கு, ஒரு சட்டத்தைக் கையில் எடுத்தால் முதலில் கண் போவது அந்த வாக்கியத்தின் மேல்தான். கெஜட்டில் அச்சான ஒரு வரி ஜெட்டியில் நிற்கிற ஒரு பெட்டியைத் தொடுவதற்கு எத்தனை காலம் பிடிக்கும் என்பதை, வேறு எந்தத் தொழிலைக் காட்டிலும் இந்தத் தொழில் எனக்கு நன்றாகக் கற்றுக் கொடுத்திருக்கிறது.

தூத்துக்குடி பீச் ரோட்டில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் நான் வார்ஃப் கிளார்க்காகச் சேர்ந்த காலத்தில், புதுத் துறைமுகம் நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு அதிக நாள் ஆகவில்லை. அந்த அறிவிப்பு 1974 ஜூலை 11-ஆம் தேதி வந்தது. கப்பல் கரையை ஒட்டி நிற்பதையே அதிசயமாகப் பேசிக்கொண்டிருந்த பெரியவர்கள் அப்போது எங்கள் காரியாலயத்தில் இருந்தார்கள். அவர்கள் பார்த்த பழைய துறைமுகத்தில் கப்பல்கள் ஐந்தாறு மைல் தள்ளி ஆழத்தில் நங்கூரமிட்டு நிற்கும். உப்பு, பருத்தி, நிலவாகை என்று போவதெல்லாம் தோணியில் போய்ச் சேரும், வருவதெல்லாம் தோணியில் வந்து இறங்கும். எங்கள் தொழிலுக்குச் சர்க்கார் வைத்த பெயர் பலமுறை மாறியிருக்கிறது. கஸ்டம் ஹவுஸ் ஏஜெண்ட் என்று உரிமம் கொடுத்தவர்கள் 2013-க்குப் பிறகு கஸ்டம்ஸ் புரோக்கர் என்றார்கள். ஊர் மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை கிளியரிங்காரர் என்றே அழைக்கிறது.

இந்தத் தொழிலின் மூலதனம் காகிதம். அதிலும் தலையாயது பில் ஆஃப் லேடிங் என்கிற பி.எல். அது கப்பல்காரர் சரக்கை ஏற்றுக்கொண்டதற்கு ரசீது; கொண்டு சேர்ப்பதாகச் செய்துகொண்ட உடன்படிக்கைக்கு அத்தாட்சி; எல்லாவற்றுக்கும் மேலாக, கிரமமாகப் புறத்தெழுத்துப் பெற்று யார் கையில் இருக்கிறதோ அவரைச் சரக்குக்கு உரியவராக்கும் பத்திரம். வழக்கமாக மூன்று மூலப் பிரதிகள் எழுதப்படும். மூன்றில் எதைக் கொடுத்துச் சரக்கை எடுத்தாலும் மற்ற இரண்டும் செல்லாதவையாகும். சரக்கு நடுக்கடலில் இருக்கும்போதே அந்தத் தாளின் முதுகில் கையெழுத்துப் போட்டு ஒருவர் இன்னொருவருக்கு விற்கலாம், அவர் மற்றொருவருக்கு விற்கலாம். கண்ணால் காணாத சரக்கைக் காகிதத்தால் கைமாற்றும் இந்த வித்தை உலக வியாபாரத்தின் அஸ்திவாரங்களில் ஒன்று.

அந்தத் தாளுக்கு இந்தியாவில் உயிர் கொடுத்தது 1856-ஆம் வருஷத்துச் சட்டம். மூன்றே பிரிவுகள், ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். முந்தின வருஷம் இங்கிலாந்தில் இயற்றிய சட்டத்தை அப்படியே பின்பற்றியது. தூத்துக்குடிக்கு ரயில் வருவதற்கு இருபது வருஷம் முந்தியது அது. பாய்க் கப்பல்கள் மாதக்கணக்கில் பிரயாணம் செய்த காலத்தில், காகிதம் தபால் கப்பலில் முன்னால் போகும், சரக்கு பின்னால் போகும் என்ற நம்பிக்கையின் பேரில் எழுதப்பட்ட அந்தச் சட்டத்தை, கொழும்பிலிருந்து ஒரு ராத்திரிக்குள் வந்து சேரும் ஃபீடர் கப்பல்களில் பெட்டி பெட்டியாகச் சரக்கு இறங்கும் காலத்திலும் நாங்கள் பிடித்துக்கொண்டு நின்றோம். சரக்கு முன்னால் வந்துவிடும். காகிதம் எங்கோ ஒரு பாங்கியின் மேஜையில் இருக்கும்.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்களுக்காக ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில், அந்தப் பக்கத்தார் அண்டியாபீஸ் என்று சொல்லும் ஒரு சிறு முந்திரி ஆலையின் சொந்தக்காரர், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பச்சைக் கொட்டை வரவழைத்திருந்தார். விற்றவர் ஒரு நாட்டில், இடையில் வாங்கி விற்ற தரகு வியாபாரி இன்னொரு நாட்டில், இருவருக்கும் பாங்கிகள் வேறு வேறு ஊர்களில், ஆகவே பி.எல். ஒவ்வொரு வாசலிலும் நின்று நின்று கூரியரில் வந்துகொண்டிருந்தது. பெட்டிகள் அதற்கு முன்பே இறங்கிவிட்டன. சுங்கத் தீர்வை கட்டியாகிவிட்டது; பரிசோதனையும் ஆகிவிட்டது. டெலிவரி ஆர்டர் கொடுக்க வேண்டிய கப்பல் ஏஜெண்டு மட்டும், மூலப் பத்திரம் வராமல் கொடுக்க மாட்டேன் என்றார். அவர் சொன்னது நியாயம். பத்திரம் இல்லாமல் சரக்கைக் கொடுத்து, நாளைக்கு வேறொருவர் அந்தப் பத்திரத்தோடு வந்து நின்றால், கப்பல்காரரல்லவா இரண்டாம் முறை சரக்கின் விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும்?

இதற்கு வியாபார உலகம் கண்டுபிடித்த பரிகாரம் இன்டெம்னிட்டி, அதாவது பின்னால் எந்த நஷ்டம் வந்தாலும் நான் ஈடு செய்கிறேன் என்று எழுதிக் கொடுக்கும் உறுதிப் பத்திரம். பெரிய ஆலைகள் தங்கள் கடிதத்தாளில் எழுதிக் கொடுத்தாலே கப்பல் ஏஜெண்டு வாங்கிக்கொள்வார். சிறிய மனிதர் என்றால் பாங்கி கூடச் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். பாங்கியோ சரக்கின் முழு விலைக்கு, சில சமயம் அதற்கும் மேலே, ரொக்கத்தைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போடும். வாங்கின சரக்குக்கு ஒரு தடவை பணம் ஏற்பாடு செய்த மனிதர், அதே சரக்கை எடுக்க இரண்டாம் தடவை பணம் தேட வேண்டியதாயிற்று. அவர் அலைந்துகொண்டிருக்கையில் பெட்டிகளுக்கு டிடென்ஷன் என்கிற தாமதக் கட்டணம் ஒரு பக்கம், தரை வாடகை ஒரு பக்கம் ஏறிக்கொண்டே போயிற்று. சித்திரை வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் கிடக்கும் பச்சைக் கொட்டை வியர்க்கும். வியர்த்த கொட்டை பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்தால் பருப்பின் நிறம் போய்விடும். “அண்ணாச்சி, சரக்கு கண்ணு முன்னால கெடக்கு, தீர்வையும் கட்டியாச்சு. ஒரு தாள் வந்து சேராததுக்கு நான் என்ன கொலையா செஞ்சேன்?” என்று அவர் கேட்டதற்கு, 1856-ஆம் வருஷத்துச் சட்டத்தைப் பற்றி நான் என்ன பிரசங்கம் செய்ய முடியும்? டீ வாங்கிக் கொடுத்தேன். கடைசியில் மைத்துனரின் நிலத்தை ஈடு காட்டிக் கையெழுத்து வாங்கினார். அந்த வருஷத்து லாபம் அதோடு போயிற்று.

ஆகவே 2000-ஆம் வருஷத்தில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தபோது எங்களுக்குள் உண்டான உற்சாகத்தை இன்றைய இளைஞர்கள் கற்பனை செய்துகொள்வது கஷ்டம். ஐக்கிய நாடுகளின் சர்வதேச வர்த்தகச் சட்டக் குழு 1996-லேயே மின்னணு வாணிபத்துக்கு ஒரு மாதிரிச் சட்டத்தை எழுதி வைத்திருந்தது. அதைப் பின்பற்றி நம் சட்டம் ஜூன் மாதத்தில் ஜனாதிபதியின் சம்மதம் பெற்று, அதே வருஷம் அக்டோபர் 17-ஆம் தேதி அமுலுக்கும் வந்துவிட்டது. நான் கண்ட சட்டங்களில் கெஜட்டில் இவ்வளவு சடுதியில் நடந்த காரியம் அபூர்வம். இனிமேல் மின்னணு ஆவணம் காகிதத்துக்குச் சமம், டிஜிட்டல் கையெழுத்து மைக் கையெழுத்துக்குச் சமம் என்று அது சொல்லிற்று. அடுத்த மழைக்காலத்துக்குள் பி.எல். கம்பி வழியாக வந்து சேர்ந்துவிடும் என்று எங்கள் முதலாளியே நம்பினார்.

ஆனால் அந்தச் சட்டம் எவற்றுக்குப் பொருந்தாது என்ற பட்டியலில் முதலாவதாக இருந்தவை மாற்றுமுறை ஆவணங்கள். பி.எல். அந்தப் பட்டியலில் நேரே அகப்படவில்லை என்று வாதம் செய்யலாம். ஆனால் அதோடு சேர்ந்தே பிரயாணம் செய்கிற உண்டியல், அதாவது பில் ஆஃப் எக்ஸ்சேஞ்ச், அகப்பட்டுக்கொண்டது. மேலும், 1856-ஆம் வருஷத்துச் சட்டத்தின் உரிமைகள் புறத்தெழுத்தினால் கைமாறுபவை; முதுகே இல்லாத ஒரு மின்னணுப் பதிவின் முதுகில் எங்கே எழுதுவது, அது இந்த ஒருவரிடத்தில் மட்டுமே இருக்கிறது, வேறொரு பிரதி எங்கும் இல்லை என்று எப்படி நிரூபிப்பது என்ற கேள்விக்கு 2000-ஆம் வருஷத்துச் சட்டம் பதில் சொல்லவில்லை. சந்தேகம் உள்ள இடத்தில் பாங்கிகள் காகிதத்தைத்தான் கேட்கும். உண்டியல்களில் ஒரு சில வகைகளுக்குக் கதவு திறந்தது 2022-ல். ஒரு பட்டியலில் சில வார்த்தைகளைத் திருத்துவதற்குப் பாராளுமன்றத்தைக் கூட்ட வேண்டியதுகூட இல்லை, ஓர் அறிவிப்புப் போதும். அந்த அறிவிப்புக்கு இருபத்திரண்டு வருஷம்.

கையெழுத்தின் கதை இன்னும் ரஸமானது. டிஜிட்டல் கையெழுத்து செல்லும் என்று சட்டம் சொன்னது 2000-ல். அதை வழங்க உரிமம் பெற்ற முதல் நிறுவனம் வந்தது 2002-ல். சுங்க இலாகாவுக்குக் கப்பல் ஏஜெண்டுகளும் கஸ்டம்ஸ் புரோக்கர்களும் டிஜிட்டல் கையெழுத்தோடுதான் தாக்கல் செய்ய வேண்டும் என்று ஆனது 2016 ஜனவரியில். நடுவில் கழிந்த காலத்தில் நாங்கள் நடத்திய வாழ்க்கையை விவரிக்காமல் விட எனக்கு மனமில்லை. டெல்லியில் 1995-ல் ஆரம்பித்த கணினி முறை எங்கள் கடற்கரைக்கும் வந்து சேர்ந்தபின், கஸ்டம் ஹவுஸில் சர்வீஸ் சென்டர் என்று ஓர் அறை உண்டாயிற்று. நாங்கள் பேனாவால் படிவத்தை நிரப்பிக் கொண்டுபோய் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருப்போம். உள்ளே இருக்கும் பிள்ளைகள் அதைப் பார்த்துத் தட்டச்சு செய்து செக்லிஸ்ட் என்று ஒரு தாளை நீட்டுவார்கள். நாங்கள் பிழை திருத்தி, பேனாவால் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுப்போம். அதன் பிறகே, இறக்குமதிக்கான சுங்கப் படிவமாகிய பில் ஆஃப் என்ட்ரிக்கு எண் விழும். எண் விழுந்ததும் அதை அச்செடுத்து, மூலம், நகல், மறு நகல் என்று முத்திரை குத்தி, இன்வாய்ஸும் பாக்கிங் லிஸ்டும் பின்னால் தைத்து, அதிகாரியிடம் கொண்டு போவோம். மின்னணு நிர்வாகம் வந்தபின் எங்கள் காரியாலயத்தில் காகிதச் செலவு கூடிற்றே தவிரக் குறையவில்லை. ரிப்பன் ஓட்டும் பிரிண்டர் மத்தியானம் முழுவதும் கறகறவென்று கத்திக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் போன் பேச முடியாது. ஆதாரக் காகிதங்களை ஸ்கேன் செய்து அனுப்பினால் போதும் என்ற நிலை 2018 வாக்கில்தான் வந்தது.

இதையெல்லாம் உத்தியோகஸ்தர்களின் சோம்பல் என்று சொல்லிவிடுவது சுலபம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவர்களில் பலர் எங்களைவிட ஆவலாக இருந்தார்கள். ஒரு கண்டெய்னர் பரிசோதனைக்குப் பிறகு வழக்காகிக் கோர்ட்டுக்குப் போனால், கையெழுத்து யாருடையது என்று நீதிபதி கேட்பாரே, அப்போது எந்தத் தாளைக் காட்டுவது என்ற பயம்தான் அவர்களைக் காகிதத்தோடு கட்டிப்போட்டது. சட்டம் அனுமதி கொடுத்தால் மட்டும் போதாது. அதைப் பின்பற்றியவருக்குப் பின்னால் தீங்கு வராது என்ற தைரியமும் ஏற்பட வேண்டும். அந்தத் தைரியம் விதிகளாலும், தீர்ப்புகளாலும், பக்கத்து மேஜைக்காரர் செய்து பார்த்து ஒன்றும் ஆகவில்லை என்ற அனுபவத்தாலும் சிறிது சிறிதாகவே சேர்கிறது.

நான் தாமதத்தின் விரோதி என்றும் யாரும் எண்ணிவிடக் கூடாது. 2018 மே மாதம் 11-ஆம் தேதி, கடல் சரக்கு மானிஃபெஸ்ட் விதிமுறைகள் என்று புதிதாக ஒன்று வெளியாயிற்று. 1971-லும் 1976-லும் ஏற்பட்ட பழைய விதிகளைத் தள்ளிவிட்டு, கப்பல் முந்தைய துறைமுகத்தை விட்டுப் புறப்படுமுன்பே சரக்கு விவரம் முழுவதும் மின்னணு முறையில் தாக்கலாக வேண்டும் என்பது அதன் சாரம். சிங்கப்பூரிலிருந்து வருகிற கப்பலுக்கு இது சரி. கொழும்பில் சாயங்காலம் புறப்பட்டு விடியற்காலம் எங்கள் கலங்கரை விளக்கத்தைப் பார்க்கிற ஃபீடருக்கு, அங்கே கடைசிப் பெட்டி ஏறுவதற்கும் கயிறு அவிழ்ப்பதற்கும் நடுவில் எத்தனை நிமிஷம் கிடைக்கும்? எங்கள் தரப்பார் அவகாசம் கேட்டார்கள், சர்க்கார் கொடுத்தது. தேதி தள்ளித் தள்ளிப் போய் 2019 ஆகஸ்டு 1-ஆம் தேதி விதிகள் அமுலுக்கு வந்தன; வந்த பிறகும் இடைக்கால ஏற்பாடு என்ற பெயரால் பழைய முறையும் கூடவே நடந்தது; அந்த இடைக்காலத்தையும் திரும்பத் திரும்ப வருஷக்கணக்கில் நீட்டினார்கள். புதிய படிவம் ஒன்று, பழைய படிவம் ஒன்று என்று இரண்டையும் போட்டுக்கொண்டிருந்த எங்கள் பையன்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் அந்த அவகாசம் இல்லாதிருந்தால், இரண்டு மேஜையும் ஒரு கணினியும் வைத்துக்கொண்டு தொழில் நடத்துகிற சிறு ஏஜென்சிகள் அபராதத்திலேயே மூழ்கியிருக்கும். தாமதத்துக்கு ஒரு கணக்கு இருக்க வேண்டும், அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்று யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இவ்விரண்டும் இருக்குமானால் தாமதத்தை நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

கணக்குள்ள தாமதம் எப்படியிருக்கும் என்பதை எங்கள் ஊர் வேறொரு தொழிலில் பார்த்திருக்கிறது. முத்துக் குளிப்பு சர்க்காரின் ஏகபோகமாக நடந்த நாளில், இலாகா ஆட்கள் முதலில் கடலுக்குள் போய்த் தோலாயிரம் பார் முதலான முத்துப் பார்களைப் பரிசோதிப்பார்கள். மாதிரிக்குச் சிப்பி எடுத்து, வயது பார்த்து, உள்ளே இருக்கும் முத்தை மதிப்பிட்டு, லாபம் உண்டு என்று கண்டால்தான் குளிப்புக்குத் தேதி விளம்பரமாகும். சிப்பி இளசாக இருந்தால் நிறுத்தி வைப்பார்கள். முற்ற விட்டால் செத்துப்போகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். குளிப்பு இல்லாமல் பல வருஷங்கள் தொடர்ந்து போனதுண்டு; ஆனாலும் ஏன் இல்லை என்று கேட்டவருக்குக் கடலடியைக் காட்டிப் பதில் சொல்ல முடிந்தது. 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளோடு அந்தக் கதை முடிந்தது.

ஆனால் அதே கடலில் வேறொரு கதை ஆரம்பித்தது. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில் 1972-ல் பரிசோதனை தொடங்கி, அடுத்த வருஷமே, கே. அழகர்சாமி என்ற விஞ்ஞானியின் முயற்சியால், சிப்பிக்குள் கருவை வைத்து முத்தை வளர்த்து எடுத்துக் காட்டினார்கள். 1981-ல் சிப்பிக் குஞ்சுகளைத் தொட்டியிலேயே பொரிக்கவும் செய்தார்கள். ஜப்பானியர் ரகசியமாக வைத்திருந்த வித்தை எங்கள் மண்ணில் கைவந்துவிட்டது என்று ஊரே பெருமைப்பட்டது. திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிற நண்பர் ஒருவர் அந்நாளில் என்னிடம் கேட்டார்: “கடல்ல கயித்தைக் கட்டிச் சிப்பியத் தொங்கவிட்டா, அந்தக் கயித்துக்கு அடியில கெடக்கிற தண்ணி யாருக்குச் சொந்தம் அண்ணாச்சி?” வித்தையின் மேல் அவருக்குச் சந்தேகமில்லை, தண்ணீரைப் பற்றித்தான் சந்தேகம். திறந்த கடலில் ஒரு துண்டு நீரை ஒருவருக்குக் குத்தகையாகக் கொடுக்கலாமா, கொடுத்தால் தலைமுறை தலைமுறையாக அங்கே மூழ்கி எழுந்தவர்களின் பாத்தியதை என்னாவது, 1986-ல் ஏற்பட்ட கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவின் எல்லைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பதையெல்லாம் ஒரு சட்டம் சொல்ல வேண்டியிருந்தது. 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. அதற்குக் காரணம் இறால் பண்ணைகள், அவற்றைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996-ல் சொன்ன தீர்ப்பு. முத்துச் சிப்பி வளர்ப்பையும் அந்தச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவந்த திருத்தம் 2023-ல் நிறைவேறிற்று. வித்தை 1973, சட்டத்தில் இடம் 2023. ஐம்பது வருஷம். இதில் சங்கு குளிப்பவர்களின் உரிமையை யோசித்துத் தயங்கிய காலம் எவ்வளவு, யாரும் யோசிக்காமலே கழிந்த காலம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்தக் கோப்பாலும் இயலாது. என்னைக் கேட்டால், பின்னதே மிகுதி.

பிற தேசங்கள் வெகுவாக முன்னால் போய்விட்டன என்று நினைக்கவும் ஆதாரமில்லை. இங்கிலாந்து தன் 1855-ஆம் வருஷத்துச் சட்டத்தை 1992-ல் மாற்றியபோதே, மின்னணு பி.எல்.லுக்கு விதி செய்யும் அதிகாரத்தை மந்திரிக்குக் கொடுத்து வைத்தது. அந்த அதிகாரத்தை எந்த மந்திரியும் உபயோகிக்கவில்லை. 2023-ல் தனிச் சட்டம் செய்துதான் காரியத்தை முடித்தார்கள். ஐக்கிய நாடுகளின் மாதிரிச் சட்டமே, கைமாற்றத்தக்க மின்னணுப் பதிவுகளுக்கென்று, 2017-ல்தான் வந்தது. சிங்கப்பூர் அதை 2021-ல் எடுத்துக்கொண்டது. எதிர்க்கரையில் இலங்கை, மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டத்தை 2006-லேயே செய்துகொண்ட தேசம், 2022-ல் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2025 மார்ச்சில் முழுமையாக அமுல் செய்வதாக இருந்து, நாள் நெருங்கியதும் தள்ளி வைத்தது. நம் நாட்டில் 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்துக்குப் பதிலாகத் தொலைத்தொடர்புச் சட்டம் 2023 டிசம்பரில் வந்தது. அதிலும் பிரிவுகள் தவணை தவணையாகத்தான் அமுலாயின.

வியாபாரிகள் சட்டத்துக்காகக் காத்திருப்பதில்லை. 1999-லேயே பொலீரோ என்ற அமைப்பு, சட்டம் இல்லாத இடத்தில் ஒப்பந்தத்தை வைத்து வேலையை நடத்தலாம் என்று கண்டு, அதில் சேர்ந்தவர்கள் எல்லோரையும் ஒரே விதிப்புத்தகத்துக்குக் கட்டுப்படச் செய்து மின்னணு பி.எல். வழங்க ஆரம்பித்தது. கப்பல் காப்பீட்டுக் கிளப்புகள் 2010 முதல் அப்படிப்பட்ட முறைகளை ஏற்றுக்கொண்டன. உலகின் பெரிய கண்டெய்னர் கம்பெனிகள் 2030-க்குள் முழுவதும் மின்னணுவுக்கே மாறுவதாக 2023-ல் சொல்லியிருக்கின்றன. சங்கத்தில் சேர்ந்தவர்களுக்கு இதெல்லாம் சௌகரியம். சங்கத்தில் சேர வசதியில்லாத அண்டியாபீஸ்காரருக்குத்தான் சட்டம் வேண்டியிருக்கிறது.

தரவுப் பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது எங்கள் காரியாலயத்து அலமாரி சம்பந்தப்பட்ட விஷயம். வாடிக்கைக்காரர் யார் என்று சரிபார்த்து வைப்பது கஸ்டம்ஸ் புரோக்கரின் கடமை என்று 2018-ஆம் வருஷத்து உரிம விதிகள் சொல்கின்றன. ஆகவே ஆதார் நகல், பான் நகல், பாங்கிக் கணக்கு விவரம், டிரைவர்களின் லைசென்ஸ் நகல் என்று எங்கள் அலமாரியில் அடுக்கியிருப்பதைக் கொண்டு பாதிப் பேருடைய ஜாதகத்தையே கணித்துவிடலாம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் சொன்னது, நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு மறுவருஷம் அறிக்கை கொடுத்தது, 2019-ல் மசோதா, 2022-ல் அதை வாபஸ் வாங்கினார்கள், 2023 ஆகஸ்டில் சட்டம், 2025 நவம்பரில் விதிகள், முக்கியமான கடமைகளுக்கு அதன் பின்னும் பதினெட்டு மாதத் தவணை. இவ்வளவு காலமும் அந்த அலமாரிக்குப் பூட்டு உண்டா என்று எந்த அதிகாரியும் என்னைக் கேட்டதில்லை. பூட்டு உண்டு, சாவி பியூனிடம் இருக்கிறது.

2025-ல் ஒரே கூட்டத்தொடரில் கப்பல் சம்பந்தமான ஐந்து சட்டங்கள் நிறைவேறின. 1856-ஆம் வருஷத்து பி.எல். சட்டம் போய்ப் புதியது வந்தது; அதற்கு ஜூலை 24-ஆம் தேதி ஜனாதிபதியின் சம்மதம் கிடைத்தது. 1908-ஆம் வருஷத்துத் துறைமுகச் சட்டமும் போயிற்று. அந்த 1908, வ. உ. சிதம்பரம் பிள்ளையைக் கைது செய்து, இரட்டை ஆயுள் தண்டனை விதித்துச் சிறைக்கு அனுப்பிய வருஷம் என்பதை இந்த ஊர்க்காரன் நினையாமலிருக்க முடியாது. பிரிட்டிஷ் கம்பெனிக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் விட்டவரைச் சர்க்கார் எந்த வருஷம் செக்கிழுக்க வைத்ததோ அந்த வருஷத்துச் சட்டம், 2011-ல் அவர் பெயரையே சூட்டிக்கொண்ட துறைமுகத்திலும் பதினான்கு வருஷம் செல்லுபடியாகிக்கொண்டிருந்தது. விசேஷமாக இதைப் பற்றி யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

புதிய பி.எல். சட்டத்தை நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இருமுறை படித்தேன். வாசகம் தெளிவாயிருக்கிறது, பழைய ஆங்கில நடையின் சிக்கல் நீங்கியிருக்கிறது, வழிகாட்டுதல்கள் பிறப்பிக்கும் அதிகாரம் சர்க்காருக்கு இருக்கிறது. ஆனால் நான் தேடிய விஷயம், மின்னணுப் பத்திரத்தைப் பெயர் சொல்லி ஏற்று, அதைக் கைவசம் வைத்திருப்பது என்றால் என்ன, கைமாற்றுவது என்றால் என்ன என்று விளக்கும் பிரிவு, அதில் இல்லை. அந்த வழிகாட்டுதல் அதிகாரத்தின் வழியாகவே அது வரட்டும், ஆட்சேபமில்லை. இங்கிலாந்து மந்திரிகளின் உதாரணம் மட்டும் மனசை உறுத்துகிறது.

இன்றைக்கு எங்கள் பையன்கள் நடுராத்திரியில் வீட்டிலிருந்தே பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்கிறார்கள். 2020 முதல் மதிப்பீடு செய்யும் அதிகாரி எந்த ஊரில் இருக்கிறார் என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. தீர்வை பாங்கிக்குப் போகாமலே கட்டியாகிறது. பிறகு, மூல பி.எல். கூரியரில் வருவதற்காக எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம். வந்ததும் முதுகில் கம்பெனி முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, ஆள் கையில் கொடுத்துக் கப்பல் ஏஜெண்டின் காரியாலயத்துக்கு அனுப்புகிறோம். வராவிட்டால் இன்டெம்னிட்டி, அதற்கு முத்திரைத் தாள். சமீபத்தில் எங்கள் ரப்பர் ஸ்டாம்பு தேய்ந்துவிட்டதென்று கிரேட் காட்டன் ரோட்டில் புதிதாக ஒன்று செய்யக் கொடுத்தேன். “எல்லாம் கம்ப்யூட்டர் ஆன பொறவும் இது எதுக்கு அண்ணாச்சி?” என்று கடைக்காரத் தம்பி கேட்டான். இரண்டாகவே செய்து கொடுக்கச் சொன்னேன்.